மோஸ்தார் போறதுக்கு முன்னாடி முகத்துவாரம்

எங்க சீனியர் ஒருத்தர் இப்போ ஜெர்மனியில் எம்.எஸ். படிக்கிறார். போன லீவில் பால்கன் நாடுகளுக்கு ஒரு குரூப் டூர் போயிட்டு வந்து, ஸ்டேட்டஸ் மேல ஸ்டேட்டஸா போட்டுத் தள்ளினார். கல் பாலம், சிவப்பு ஓட்டு வீடுகள், பின்னாடி மலை, மலை மேல மேகம். கவனிச்சுப் பார்த்தா எல்லா போட்டோவிலும் ஓரமா ஒரு மஞ்சள் குடை இருக்கும். அது கைடு பிடிச்சிருக்கிற குடை. அது போற பக்கம் இருபது பேரும் போவாங்க, அது நிக்கிற இடத்தில் நிப்பாங்க.

நான் அந்தக் குடையையே பார்த்துக்கிட்டிருந்தேன். ஏன்னா நான் திருவொற்றியூர்க்காரன். சென்னையைச் சுத்திக் காட்டறேன்னு கிளம்புற எந்த வண்டியும் மெரினா, மயிலாப்பூர், கோட்டைன்னு வந்து, கோட்டையோட திரும்பிடும். அதுக்கு வடக்கே குடை வராது. வடக்கே என்ன இருக்குன்னு கேட்டா நம்ம கிளாஸ் பசங்களே "கன்டெய்னர் லாரி, நாத்தம்"னு ரெண்டு வார்த்தையில் முடிச்சிடுவாங்க. தப்பு சொல்ல மாட்டேன், ரெண்டும் இருக்கு. ஆனா சீனியர் போன ஊர்கள்லயும் அழகு மட்டும் இல்லை.

போஸ்னியாவில் இருக்கிற மோஸ்தார் பாலத்தை எடுத்துக்கோங்க. 1566-ல் ஆட்டோமான் துருக்கியர் கட்டின ஒற்றை வளைவுக் கல் பாலம். 1993 நவம்பரில் உள்நாட்டுப் போரில் குண்டு போட்டு ஆத்துக்குள்ள விழ வெச்சாங்க. இப்போ நிக்கிறது 2004-ல் திறந்த மறுகட்டுமானம். அங்க வர்ற கைடுங்க பாலம் எவ்வளவு அழகுன்னு மட்டும் சொல்லிட்டு நகர்றதில்லை, அது விழுந்த கதையையும் சொல்றாங்க. பக்கத்து ஊர் சரயேவோ இன்னும் ஒரு படி மேல. 1992 முதல் 1996 வரை முற்றுகையில் கிடந்த நகரம். ஷெல் விழுந்து தரையில் உண்டான குழிகள் சிலதை மூடாம, சிவப்பு ரெசின் ஊத்தி அப்படியே வெச்சிருக்காங்க. "சரயேவோ ரோஜா"ன்னு அதுக்குப் பேரு. டூர் கூட்டம் அதுக்கு முன்னாடியும் நிக்கும்.

கைடட் டூர்னா என்னன்னு எனக்கு அப்போதான் புரிஞ்சது. ஊர் எல்லாருக்கும் ஒண்ணுதான். எங்க நிக்கணும், எதைக் கேட்கணும்னு ஒருத்தர் முடிவு பண்றார், அவ்வளவுதான். சரி, நாமளே ஒரு குடை பிடிச்சா என்னன்னு தோணிச்சு. ராயபுரம் முதல் எண்ணூர் வரை ஒரு நாள் நடை. போன வருஷத்திலிருந்து ஃப்ரெண்ட்ஸைக் கூட்டிட்டுப் போறேன். அது எப்படி நடக்குது, ஏன் அப்படி நடக்குதுன்னு சொல்லத்தான் இந்தக் கட்டுரை. படிச்சு முடிச்சதும் உங்க ஊருக்கு நீங்க குடை பிடிக்கலாம்.

முதல் நடை படு ஃபிளாப். அதை மறைக்க விரும்பலை. விக்கிபீடியாவில் இருந்த எல்லா வருஷத்தையும் மனப்பாடம் பண்ணிட்டுப் போய் ஒப்பிச்சேன். பதினோரு பேரில் நாலு பேர் பாதியில் பிரியாணிக் கடையில் ஒதுங்கிட்டாங்க. மிச்சப் பேரோட திருவொற்றியூர் கடற்கரைச் சாலையில் கல்லு மேல உக்காந்திருந்தேன். பக்கத்தில் கருவாடு காயப்போட்டுக்கிட்டிருந்த ஒரு ஆயா, "இன்னாத்த கண்ணு பாக்க வந்தீங்கோ?"ன்னு கேட்டாங்க. பழைய ஊரைப் பார்க்க வந்தோம்னு சொன்னேன். அவங்க கையை நீட்டிக் கடலைக் காட்டினாங்க. "பழைய ஊரு அங்க கீது பா. அத்தோ, அலை ஒடையுது பாரு, அங்கதான் எங்க தெரு."

அதுவரை போனைப் பார்த்துக்கிட்டிருந்தவன்கூட நிமிர்ந்து பார்த்தான். தெரு எப்படிக் கடலுக்குள்ள போச்சு? அந்த ஒரு கேள்விதான் இப்போ எங்க நடையோட ரூட்.

காலை 6.15-க்கு ராயபுரம் ரயில் நிலையத்தில் ஆரம்பிப்போம். தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் கிளம்பின இடம் இதுதான். 1856 ஜூன் 28 அன்று கவர்னர் ஹாரிஸ் பிரபு திறந்து வெச்சார், ஜூலை 1 முதல் வாலாஜா ரோடு வரை ரயில் ஓடிச்சு. பம்பாயும் ஹவுராவும் நமக்கு முந்தி ஆரம்பிச்சுட்டாங்க. ஆனா அவங்களோட முதல் ஸ்டேஷன் கட்டடங்கள் இப்போ இல்லை. அதனால நாட்டிலேயே இன்னும் நிக்கிற பழமையான ஸ்டேஷன் கட்டடம்னா இதுதான். உயரமான தூண் வரிசையைப் பார்த்தா ஏதோ கவர்னர் மாளிகை மாதிரி இருக்கும். 1873-ல் சென்ட்ரல் வந்துச்சு, மவுசு மெல்ல அந்தப் பக்கம் போயிடுச்சு.

இங்க நிக்கிறப்ப ஒரு கேள்வி கேட்பேன். 1856-ல் இங்கிலாந்திலிருந்து ரயில் இன்ஜின், தண்டவாளம் எல்லாம் கப்பலில் வந்திருக்கும். எங்க இறக்கியிருப்பாங்க? "ஹார்பர்ல"ன்னு எல்லாரும் சொல்வாங்க. ஹார்பரே கிடையாது. கப்பல் நடுக்கடலில் நங்கூரம் போட்டு நிக்கும். அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தது மசூலா படகுகள். பலகைகளை ஆணி அடிக்காம தேங்காய் நார்க் கயிற்றால் தைச்ச படகு. மெக் பசங்க இதைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஆணி அடிச்சு இறுக்கின படகு இந்தக் கரையில் அலை தூக்கிப் போட்டா விரிசல் விடும். தைச்ச படகு வளைஞ்சு கொடுக்கும்.

அந்தப் படகை ஓட்டினவங்க இந்தக் கரையோரத்து மக்கள். பக்கத்தில் இருக்கிற புனித இராயப்பர் தேவாலயம் படகுத் தொழிலாளர்கள் கட்டினது. பீட்டருக்குத் தமிழில் இராயப்பர்னு பேரு. அவர் பேர்லதான் ராயபுரம். அதிலிருந்து கொஞ்ச தூரத்தில் பார்சிகளோட அக்னி கோயில் இருக்கு. 1910-ல் வந்தது, தமிழ்நாட்டில் இது ஒண்ணுதான். பார்சி அல்லாதவங்க உள்ளே போக முடியாது, அதனால வாசலில் நின்னு பார்த்துட்டு நகர்ந்துடுவோம்.

அடுத்து காசிமேடு மீன்பிடி துறைமுகம். ஏழு மணிக்கெல்லாம் ஏலம் சூடு பிடிச்சிருக்கும். இங்க நான் பேச மாட்டேன். பேசினாலும் கேட்காது. ஒரே ஒரு விதி: யார் முகத்தையும் கேட்காம போட்டோ எடுக்கக் கூடாது. அவங்க வேலை நேரம் அது, நம்ம ரீல்ஸுக்குப் பின்னணி இல்லை. கூட்டம் கொஞ்சம் குறைஞ்ச இடமா பார்த்து, தெற்கே தெரியுற பெரிய துறைமுகத்தைக் கைகாட்டிக் கதையை ஆரம்பிப்பேன்.

1875 டிசம்பரில் அப்போதைய வேல்ஸ் இளவரசர் மெட்ராஸ் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டினார். கடலுக்குள்ள ரெண்டு கை நீட்டின மாதிரி ரெண்டு சுவர். வேலை முடியப் போற நேரத்தில் 1881 நவம்பரில் ஒரு புயல் வந்து சுவரைப் பிச்சுப் போட்டது. விடாம திரும்பக் கட்டினாங்க. துறைமுக வாசல் முதல்ல கிழக்கே பார்த்து இருந்துச்சு. மணல் வந்து அடைக்க ஆரம்பிச்சதும், போன நூற்றாண்டு ஆரம்பத்தில் பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் வாசலை வடகிழக்குப் பக்கம் மாத்தினாங்க.

அந்த மணல்தான் இந்தக் கதையில் முக்கியமான ஆள்.

ஒரு எலுமிச்சம்பழம் எடுத்துட்டு மெரினா போங்க. அலை நுரை மேல போடுங்க. அலை கரைக்கு நேரா வராது, கொஞ்சம் சாய்வா வரும். பழமும் சாய்வா ஏறும். ஆனா தண்ணி திரும்பி இறங்கறப்ப சரிவைப் பார்த்து நேரா இறங்கும். மறுபடி சாய்வா ஏறும், நேரா இறங்கும். பத்து அலை கழிச்சுப் பாருங்க, பழம் நீங்க போட்ட இடத்தில் இருக்காது. ஒவ்வொரு மணலும் இப்படித்தான் ரம்பப் பல் மாதிரி நடந்து போகுது. தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் வடக்கே போகும், வடகிழக்குப் பருவக்காற்று சமயத்தில் தெற்கே திரும்பும். கூட்டிக் கழிச்சா நம்ம கரையில் வடக்கே போறதுதான் அதிகம். வருஷத்துக்கு லட்சக்கணக்கான கனமீட்டர் மணல் இப்படி நடக்குது.

இப்போ அந்த வழியில் ஒரு சுவர் கட்டினா? தெற்கேயிருந்து வர்ற மணல் சுவரில் மோதி நின்னுடும். நின்ன மணல் சேர்ந்து சேர்ந்து கரை அகலமாகும். அப்படி அகலமானதுதான் மெரினா. கவர்னர் கிராண்ட் டஃப் அங்க ஒரு உலாவும் சாலை போட்டு, 1884-ல் அந்தப் பேரையும் வெச்சார். சுவருக்கு வடக்கே இருக்கிற கரைக்கு வழக்கமா வந்துக்கிட்டிருந்த மணல் வரலை. ஆனா அலை லீவு எடுக்காதே. அது இங்க இருக்கிற மணலை வழக்கம்போல வடக்கே தள்ளிக்கிட்டே இருந்துச்சு. வரவு இல்லை, செலவு மட்டும். ராயபுரத்தில் ஆரம்பிச்சு எண்ணூர் வரை கரை தேய ஆரம்பிச்சது அப்படித்தான்.

அதாவது, சுண்டல் சாப்பிட்டுக்கிட்டு நாம எல்லாரும் உக்கார்ற மெரினாவும், அந்த ஆயாவோட தெரு இருந்த கடலும் ஒரே சுவரோட ரெண்டு பக்கம். மசூலா படகு வேலையை எடுத்துக்கிட்டதும் அதே சுவர்தான். துறைமுகமே வேணாம்னு சொல்ல வரலை. இந்த நகரம் பாதி அதனாலதான் வளர்ந்துச்சு. பில் எந்தப் பக்கத்து ஆளுக்குப் போச்சுன்னு மட்டும் சொல்றேன்.

காசிமேட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் திருவொற்றியூர் ஹைரோடு. வழியில் வர்ற பேருங்களே ஒரு தனி நடைக்குக் காணும். தொண்டியார்பேட்டைங்கிற பேரு தொண்டிப் பக்கத்திலிருந்து வந்து இங்க தங்கின சூஃபி ஞானி குணங்குடி மஸ்தான் சாகிபால் வந்ததுன்னு சொல்வாங்க. காலடிப்பேட்டைன்னதும் எந்தச் சாமியோட காலடின்னு தேடாதீங்க. 1717 முதல் 1720 வரை கவர்னரா இருந்த காலெட் துரை நெசவாளர்களைக் குடியமர்த்தின பேட்டை அது. காலெட்பேட்டை நம்ம வாயில் விழுந்து காலடிப்பேட்டை ஆச்சு. இப்போ மெட்ரோ ஸ்டேஷன் போர்டிலும் ஏறிடுச்சு.

ஒன்பது மணிக்குள் தியாகராஜ சுவாமி கோயிலுக்குப் போயிடணும், உச்சி நேரத்தில் நடை சாத்திடுவாங்க. இங்க எனக்குச் சொல்ல நிறைய இருக்கு. ஊருங்கிறதால கொஞ்சம் அதிகமாவே பேசுவேன், பொறுத்துக்கோங்க. மூலவர் ஆதிபுரீஸ்வரர் புற்று வடிவம். வருஷம் முழுக்க கவசம் போட்டிருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூணு நாள் மட்டும் கவசம் எடுப்பாங்க. கருவறை விமானத்தைப் பின்பக்கம் போய்ப் பாருங்க. சதுரமா இருக்காது, வளைஞ்சிருக்கும். யானை படுத்திருக்கிறப்ப அதோட பின்பக்கம் எப்படி இருக்குமோ அப்படி. தூங்கானை மாடம்னு அழகான பேரு. ராஜேந்திர சோழன் காலத்தில் இதைக் கல்லில் கட்டின தச்சனோட பேரு கல்வெட்டில் இருக்கு: ரவி என்கிற வீரசோழத் தச்சன். ஆயிரம் வருஷம் கழிச்சும் சைட் இன்ஜினியர் பேரு தெரியுதுன்னா சிவில்காரங்க கொஞ்சம் காலரைத் தூக்கி விட்டுக்கலாம்.

இன்னொரு கல்வெட்டு என்னை எப்பவும் கொஞ்ச நேரம் நிறுத்தி வெச்சிடும். கேரளத்திலிருந்து வந்த ஒரு வீரன், சோழ இளவரசன் ராஜாதித்தனோட நண்பன். 949-ல் தக்கோலம் போரில் இளவரசன் யானை மேலயே செத்துப் போறான். அந்த நேரத்தில் நண்பன் அங்க இல்லை. கூட நின்னு சாக முடியலையேங்கிற துக்கத்தில் கங்கையில் குளிச்சு, துறவியாகி, திருவொற்றியூர் மடத்துக்கு வந்து சதுரானன பண்டிதர்னு பேரோட வாழ்ந்தார். வெற்றி பெற்றவங்களைப் பத்தி ஆயிரம் கல்வெட்டு கிடைக்கும். போருக்கு வராம போன ஒருத்தனோட குற்ற உணர்ச்சியைப் பத்தி எத்தனை கிடைக்கும், சொல்லுங்க?

மகிழ மரத்தடியில் சுந்தரர் - சங்கிலியார் கதையைச் சொன்னா தூங்கினவனும் எழுந்துடுவான். "உன்னைப் பிரிய மாட்டேன்"னு கோயிலில் சத்தியம் பண்ணணும். சுந்தரர் சிவன்கிட்ட போய், நான் சத்தியம் பண்ற நேரம் நீங்க கருவறையில் இருக்காதீங்க, மகிழ மரத்துக்குப் போயிடுங்கன்னு செட்டிங் போட்டார். சங்கிலியார் தரப்பு, கோயிலுக்குள்ள வேணாம், மகிழ மரத்தடியிலேயே சத்தியம் பண்ணுங்கன்னு சொல்லிட்டாங்க. பிறகு அதை மீறி ஊர் எல்லையைத் தாண்டினதும் கண் போச்சுன்னு பெரியபுராணம் சொல்லுது.

ஆனா நம்ம கேள்விக்கு வேண்டியது ஊர்ப் பேரில் இருக்கு. பிரளய காலத்தில் பொங்கி வந்த கடலைச் சிவன் ஒற்றி நிறுத்தின இடம், அதனால ஒற்றியூர்னு தலபுராணம். கடல் பின்வாங்கின ஊர்னு பேரை வெச்சுக்கிட்டு, கடல் உள்ளே வர்ற ஊரா நிக்கிறோம். ஒற்றிக்கு அடமானம்னும் ஒரு அர்த்தம் உண்டு. மதுரைப் பக்கத்துப் பசங்களுக்கு ஒத்திக்கு வீடு பிடிக்கிறது தெரியும். எங்க கரையை யாரோ ஒத்திக்கு எடுத்துட்டுத் திருப்பிக் கொடுக்க மறந்துட்டாங்கன்னு எங்க ஆயா, அதாவது சொந்த ஆயா, கிண்டலா சொல்வாங்க.

கோயிலிலிருந்து கிழக்கே நடந்தா பட்டினத்தார் சமாதி. பெரிய வணிகர், எல்லாத்தையும் உதறிட்டுக் கோவணத்தோட கிளம்பினவர். கையில் வெச்சிருந்த பேய்க்கரும்போட நுனி எந்த ஊரில் இனிக்குதோ அதுதான் முக்தி கிடைக்கிற இடம்னு அலைஞ்சு, இந்தக் கடற்கரையில் இனிச்சுதுன்னு கதை. அவர் வந்து உக்காந்தது மணலில். இப்போ வெளியே வந்தா மணல் இல்லை. எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலை, அதுக்கு அந்தப் பக்கம் கருங்கல் குவியல், அதுக்கு அப்புறம் கடல்.

அந்தக் கல்லு மேல உக்காந்துதான் ரெண்டாவது பாடம். கரைக்கு இணையா கல்லைக் கொட்டினா அது தடுப்புச் சுவர். சாலை தப்பிக்கும். ஆனா அலை கல்லில் மோதித் திரும்புற வேகத்தில் அடியில் இருக்கிற மணலை வாரிக்கிட்டுப் போகும். கல்லும் மெல்லச் சரியும், மறுபடி கொட்டணும். கட்டுமரத்தை ஏத்தி வைக்க மணல் இருக்காது. இன்னொரு வழி, கடலுக்குள்ள விரல் நீட்டின மாதிரி குறுக்கே கல் வரிசை போடறது. நேர்கல் தடுப்புன்னு சொல்வாங்க. துறைமுகச் சுவர் செஞ்ச அதே வேலையை இது சின்ன அளவில் செய்யும். தெற்குப் பக்கம் மணல் சேரும். எங்க கரையில் இது சில இடத்தில் உண்மையிலேயே வேலை செஞ்சிருக்கு. போன உடனே எது எந்த வகைன்னு கண்டுபிடிக்கச் சொல்வேன். கண்டுபிடிக்கிறவங்களுக்கு ஒரு ரோஸ்மில்க்.

மதியம் மீன் குழம்புச் சாப்பாடு, கொஞ்சம் ஓய்வு. நாலு மணிக்கு திருவொற்றியூர் ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி ரயில். ஜன்னலோரம் நம்ம இண்டஸ்ட்ரியல் விசிட் சரித்திரம் ஓடும். ஐ.வி.ன்னு சொல்லிட்டு நாம கொடைக்கானல் போறோம். எம்.ஆர்.எஃப். 1946-ல் பலூன் பொம்மை செய்யுற ஒரு கொட்டகையா ஆரம்பிச்சது இதே திருவொற்றியூரில்தான். புல்லட் வண்டி இந்தியாவில் பிறந்த தொழிற்சாலையும் இங்கதான். விம்கோ நகர்ங்கிற பேரு தீப்பெட்டிக் கம்பெனியோடது. எண்ணூரில் அசோக் லேலண்ட். பால்கனில் மலை இருக்குன்னு சீனியர் பீத்திக்கிட்டாரே, எங்களுக்கும் சாம்பல் மேடு இருக்கு.

சிரிப்பு அதோட முடிஞ்சிடும். எண்ணூர் ஒரு காலத்தில் வெள்ளைக்காரங்க படகு விட்டு ஓய்வெடுக்க வந்த இடம். கொசஸ்தலையாறு கடலில் கலக்கிற முகத்துவாரத்தில் நின்னா ஏன் வந்தாங்கன்னு இப்பவும் புரியும். அகலமான தண்ணி, தண்ணிக்கு மேல சாயங்கால வெளிச்சம், தூரத்தில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். கழிமுகத்தில் இடுப்பளவு தண்ணியில் நின்னு கையால் இறால் தடவிப் பிடிக்கிறவங்க இருப்பாங்க. காலடியில் சேறுன்னு நினைச்சு அள்ளினா சாம்பல் நிறத்தில் வழுவழுன்னு வரும். நிலக்கரிச் சாம்பல். குழாயில் கசிஞ்சு வருஷக்கணக்கா படிஞ்சு, ஆழத்தைக் குறைச்சிடுச்சு. 2017 ஜனவரி 28-ல் எண்ணூருக்கு வெளியே ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டினப்போ, மீனவர்களும் காலேஜ் பசங்களும் பக்கெட்டில் அள்ளினாங்க. 2023 டிசம்பர் வெள்ளத்தில் மறுபடி எண்ணெய் இந்தக் கழிமுகத்துக்குள்ளேயே வந்துச்சு.

இங்க நான் குடையைக் கீழே வெச்சிடுவேன். முகத்துவாரம் குப்பத்து அண்ணன் ஒருத்தர் பேசுவார். அவர் நேரத்துக்குக் காசு கொடுக்கிறோம், எல்லாரும் ஆளுக்கு ஐம்பது ரூபா. மோஸ்தாரில் பாலத்து மேலிருந்து ஆத்தில் குதிக்கிற பசங்க, கூட்டத்தில் காசு வசூல் ஆன பிறகுதான் குதிப்பாங்களாம், அது சரிதானே. இது பரிதாபம் காட்டற டூரா மாறிடக் கூடாதுன்னா, ஊர்க்காரர் பேசணும், நாம கேட்கணும். அவர் அழுவாச்சிக் கதை சொல்ல மாட்டார். எந்த மாசம் எந்த நண்டு, எந்தக் காத்துக்கு எந்த வலைன்னு சொல்வார். நம்ம ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் புத்தகம் கொஞ்சம் கூச்சப்படும்.

நீங்க நடத்தறதா இருந்தா சில விஷயம். பன்னிரண்டு பேருக்கு மேல வேணாம், குரல் எட்டாது. கடைசியில் ஒருத்தரை நிறுத்துங்க, அவருக்குப் பின்னாடி யாரும் இருக்கக் கூடாது. கழிவறை எங்கெங்க இருக்குன்னு முன்னாடியே ஒரு தடவை நடந்து பார்த்துக்கோங்க. பொண்ணுங்க வராததுக்குப் பாதி நேரம் அதுதான் காரணம். ஒரு இடத்தில் ஏழு நிமிஷத்துக்கு மேல பேசாதீங்க. நான் கோயிலில் மீறுவேன், நீங்க மீறாதீங்க.

போன மாச நடையில், முகத்துவாரத்தில் கிளம்பற நேரம் ஒரு ஈ.சி.ஈ. செகண்ட் இயர் பொண்ணு கேட்டா: "அண்ணா, துறைமுகச் சுவர் மணலைப் பிடிச்சதால நமக்கு மணல் வரலை. இப்போ நம்ம கரையில் கல்லுப் போட்டு நாம மணலைப் பிடிக்கிறோம். அப்போ நமக்கு வடக்கே இருக்கிறவங்களுக்கு?"

வடக்கே காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி, அதுக்கும் மேல பழவேற்காடு. அண்ணன்தான் பதில் சொன்னார். "அங்க என் மச்சான் கீறாரு. அடுத்த தபா அவரு வூட்டாண்ட போலாம். காலையில சீக்கிரம் வரணும், அந்தக் கரை இன்னும் கொஞ்சம் பாக்கி கீது."

அதனால அடுத்த நடை பழவேற்காடு. கிளம்பற நேரம் 5.30. தண்ணி பாட்டில், தொப்பி, ஒரு எலுமிச்சம்பழம்.